நிகழ்வுக் கையாளல் நிரலை எளிமையாக்கல்

கணினித் திரையில் பயனர் ஒரு பொத்தானை அழுத்துவது, சுட்டியை நகர்த்துவது, விசைப்பலகையில் ஓர் எழுத்தைத் தட்டுவது, சாளரத்தை மூடுவது ஆகிய ஒவ்வொன்றும் நிரலுக்கு ஒரு நிகழ்வாகப் போய்ச் சேர்கிறது. அந்த நிகழ்வு வரும்போது என்ன செய்ய வேண்டும் என்று எழுதப்படும் பகுதி நிகழ்வுக் கையாளி. கையாளியைப் பொத்தானோடு இணைக்க எழுத வேண்டிய வரிகள், கையாளி செய்யும் வேலையைவிட நீண்டுவிடுவது வரைகலை இடைமுக நூலகங்களின் பழைய தொல்லை. அந்த வரிகளைக் குறைக்க மொழிகளும் கருவிகளும் பல வழிகளை முயன்றுள்ளன. டெல்லியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் (சி.பி.எஸ்.இ.) 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜாவா ஸ்விங் நூலகத்தையும் நெட்பீன்ஸ் கருவியையும் மேல்நிலை வகுப்புகளுக்குப் பாடமாக வைத்தது. அதனால் இந்தியப் பள்ளி மாணவர்களில் ஒரு தலைமுறை நிகழ்வுக் கையாளியை அந்த வழியாகவே முதன்முதலில் எழுதியது. அந்தப் பாடத்தின் ஊடாக இந்தப் பொருளைப் பார்ப்பது, எளிமையாக்கலில் எது உண்மையான குறைப்பு, எது வெறும் மறைப்பு என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது.

ஒரே வாசல்

விண்டோஸுக்கு சி மொழியில் எழுதிய தொடக்ககால நிரல்களில் ஒரு சாளரத்துக்கு ஒரே செயற்கூறுதான் இருக்கும். சுட்டி அழுத்தம், விசைத் தட்டல், திரையை மறுபடி வரையச் சொல்லும் கோரிக்கை என்று எல்லாச் செய்திகளும் அதற்கே வந்து சேரும். உள்ளே நீண்ட ஸ்விட்ச் கட்டளை. வந்த செய்தி எதுவென்று பார்த்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளை. கிளைகள் இருபது, முப்பது என்று வளர்ந்ததும் எது எதைத் தொடுகிறது என்று தேடுவதிலேயே நேரம் போய்விடும்.

1991இல் வந்த விஷுவல் பேசிக் இந்த வாசலை நிரலாளரின் கண்ணில் படாமல் வைத்தது. படிவத்தில் பொத்தானை வைத்து இருமுறை கிளிக் செய்தால், பொத்தானின் பெயரையும் நிகழ்வின் பெயரையும் அடிக்கோட்டால் சேர்த்துப் பெயரிட்ட ஒரு காலிச் செயற்கூறு திறக்கும். அந்தப் பெயர்தான் இணைப்பு; வேறு வரி எதுவும் வேண்டாம். பொத்தானின் பெயரைப் பிற்பாடு மாற்றினால் பழைய செயற்கூறு யாரும் அழைக்காமல் கிடக்கும், பிழைச்செய்தியும் வராது. ஆனாலும், நிரல் எழுதத் தெரியாதவர்களையும் ஒரு மாலைக்குள் வேலை செய்யும் படிவம் ஒன்றை உருவாக்க வைத்த பெருமை இந்த வழிக்கு உண்டு. சி.பி.எஸ்.இ.யின் இன்ஃபர்மேட்டிக்ஸ் பிராக்டிசஸ் பாடமும் ஜாவாவுக்கு முன்பு விஷுவல் பேசிக்கையே பயன்படுத்தியது.

ஜாவா எடுத்த இரண்டு வழிகள்

1996 ஜனவரியில் வெளியான ஜாவா 1.0இல், நிகழ்வு ஒன்று பொத்தானில் தொடங்கி அதைத் தாங்கும் பலகத்துக்கும், அதிலிருந்து சாளரத்துக்கும் மேல்நோக்கி ஏறும். வழியில் யாராவது "இதை நான் பார்த்துக்கொண்டேன்" என்று உண்மை மதிப்பைத் திருப்பினால் அங்கே நிற்கும். நிகழ்வைப் பிடிக்க வேண்டுமானால் அந்தப் பலகத்தின் வகுப்பை நீட்டித்துப் புது வகுப்பு எழுத வேண்டும். அதற்குள் மறுபடியும் அதே இஃப்-எல்ஸ் ஏணி. எந்தப் பொத்தான் என்று கண்டுபிடிக்க, பொத்தானின் மேல் எழுதியிருக்கும் சொல்லையே பலர் ஒப்பிட்டார்கள். இதன் விளைவை மொழிபெயர்ப்பாளர்கள்தான் சந்தித்தார்கள்: "ஓகே" என்றிருந்த பொத்தானில் "சரி" என்று தமிழில் எழுதிய கணமே அந்தக் கிளை செத்துப்போகும். திரையில் தெரியும் சொல்லும் நிரலின் தர்க்கமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்ததுதான் காரணம்.

1997 பிப்ரவரியில் வந்த ஜாவா 1.1 இதைக் கைவிட்டு ஒப்படைப்பு முறைக்கு மாறியது. நிகழ்வில் அக்கறையுள்ள பொருள் தன்னை 'லிசனர்' என்று பொத்தானிடம் பதிவு செய்துகொள்ளும். நிகழ்வு வரும்போது பொத்தான் பதிவானவர்களை மட்டும் அழைக்கும். வகுப்பை நீட்டிக்கும் கட்டாயம் போயிற்று. பொத்தானின் மேலுள்ள சொல் எந்த மொழியில் இருந்தாலும் கவலையில்லை. பிற்காலத்தில் ஸ்விங் (ஜாவா 1.2, 1998 டிசம்பர்) இதே அடித்தளத்தில்தான் எழும்பியது. இன்றைக்கும் ஸ்விங்கில் எழுதப்படும் மேசைக்கணினி நிரல்கள் இதன்மேல்தான் நிற்கின்றன.

வடிவமைப்பாகப் பார்த்தால் இது பெரிய முன்னேற்றம். எழுதும் கைக்கு மட்டும் பாரம் கூடியது. ஒரு பொத்தான் அழுத்தத்துக்கு லிசனர் இடைமுகத்தை நிறைவேற்றும் வகுப்பு ஒன்று வேண்டும். அதற்குள் குறிப்பிட்ட பெயரில் செயற்கூறு வேண்டும். பிறகு அந்த வகுப்பின் பொருளை உருவாக்கிப் பதிவு செய்ய வேண்டும். இதைச் சுருக்கத்தான் அதே 1.1 பதிப்பில் உள்வகுப்புகளும், பெயரே இல்லாத அநாமதேய வகுப்புகளும் மொழிக்குள் வந்தன. அப்படியும் ஒரு வரி வேலைக்கு ஐந்து வரி எழுத வேண்டியிருந்தது.

எல்லா லிசனரும் ஒற்றைச் செயற்கூறோடு நிற்பதில்லை. சுட்டிக்கான மவுஸ் லிசனரில் ஐந்து செயற்கூறுகள். சாளரத்துக்கான விண்டோ லிசனரில் ஏழு. சாளரம் மூடப்படுவது ஒன்றை மட்டும் கவனிக்க விரும்பியவரும் ஏழையும் எழுதியாக வேண்டும், ஆறு காலியாக. இதற்காக 'அடாப்டர்' வகுப்புகள் தரப்பட்டன: எல்லாச் செயற்கூறுகளும் அவற்றில் ஏற்கெனவே காலியாக இருக்கும், வேண்டியதை மட்டும் மேலெழுதலாம். இந்தச் சலுகைக்குள் ஒரு பள்ளம் உண்டு. மேலெழுதும் செயற்கூறின் பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் அது புதிய செயற்கூறாகிவிடும். நிரல் தொகுக்கும், ஓடும், கிளிக் செய்தால் எதுவும் நடக்காது. 2004இல் வந்த ஜாவா 5இன் 'ஓவர்ரைட்' குறிப்பைச் செயற்கூறின் தலையில் போட்டால்தான் தொகுப்பி இதைப் பிடித்துக் காட்டும். எளிமைக்காகச் சேர்க்கும் வசதி, தொகுப்பியின் கண்காணிப்பைத் தளர்த்திவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு ஜாவாவில் இல்லை.

டெல்லிப் பாடத்திட்டமும் நெட்பீன்ஸும்

சி.பி.எஸ்.இ.யின் தலைமையகம் டெல்லியில் இருந்தாலும் அதன் பாடத்திட்டம் நாடு முழுவதும், வளைகுடா நாடுகளிலுள்ள இந்தியப் பள்ளிகளிலும் நடக்கிறது. டெல்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் ஏழு பள்ளிகளும் இந்த வாரியத்தோடு இணைந்தவையே. மேல்நிலை வகுப்புகளில் கணினி சார்ந்து இரண்டு முக்கியப் பாடங்கள் இருந்தன. கம்ப்யூட்டர் சயின்ஸ் (பாட எண் 083) எடுத்தவர்கள் சி++ படித்தார்கள். இன்ஃபர்மேட்டிக்ஸ் பிராக்டிசஸ் (065) எடுத்தவர்கள் ஜாவாவும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளமும் படித்தார்கள். வணிகவியல் பிரிவு மாணவர்களும் எடுத்த பாடம் இது. ஆகவே நிகழ்வுக் கையாளி என்ற கருத்து, பின்னாளில் பொறியாளர் ஆகப்போகிறவர்களைத் தாண்டி, கணக்கியல் படிக்கும் பிள்ளைகளிடமும் போய்ச் சேர்ந்தது. இந்தியக் கணினிக் கல்வியில் இது கவனிக்கப்பட வேண்டிய நிகழ்ச்சி என்றே சொல்ல வேண்டும்.

கருவியாக நெட்பீன்ஸ் அமைந்ததற்கு அதன் வரலாறே பொருத்தம் சொல்கிறது. 1996இல் பிராக் நகரின் சார்லஸ் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் செய்த திட்டப்பணியாக, 'ஸெல்ஃபி' என்ற பெயரில் அது தொடங்கியது. 1999இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கியது. 2000இல் திறந்த மூலமாக்கியது. உரிமக் கட்டணம் இல்லாததால், ஆய்வகத்தில் எத்தனை கணினி இருந்தாலும் அத்தனையிலும் நிறுவலாம். மாணவர் வீட்டுக் கணினியிலும் போட்டுக்கொள்ளலாம். திறந்த மூலம் குறித்த பகுதி ஒன்று அந்தப் பாடத்திலேயே இருந்தது.

வகுப்பறையில் வேலை இப்படி நடக்கும். காலிப் படிவத்தில் உரைப்பெட்டிகளையும் பொத்தான்களையும் இழுத்து வைப்பார்கள். 'கணக்கிடு' பொத்தானை இருமுறை கிளிக் செய்ததும் நிரல் பக்கம் திறந்து, "உங்கள் கையாளல் நிரலை இங்கே சேருங்கள்" என்ற பொருளில் ஆங்கிலக் குறிப்போடு ஒரு காலிச் செயற்கூறு வந்து நிற்கும். அதற்குள் நாலைந்து வரிகள்: முதல் உரைப்பெட்டியிலிருந்து உரையை எடுத்து எண்ணாக மாற்றுதல், இரண்டாவதிலிருந்தும் அப்படியே, பெருக்கல், விடையை மூன்றாவது பெட்டியில் எழுதுதல். 'அழி' பொத்தானில் எல்லாப் பெட்டிகளையும் காலியாக்கும் வரிகள். 'வெளியேறு' பொத்தானில் நிரலை முடிக்கும் ஒற்றை வரி. எழுத்துத் தேர்வின் வினாத்தாளிலும் படிவத்தின் படத்தைக் கொடுத்து இந்தப் பொத்தானுக்கு நிரல் எழுது, அந்தப் பொத்தானுக்கு நிரல் எழுது என்றுதான் கேட்பார்கள். 70 மதிப்பெண் எழுத்துத் தேர்வு, 30 மதிப்பெண் செய்முறை.

லிசனர், பதிவு, அநாமதேய வகுப்பு எல்லாம் எங்கே போயின? அதே கோப்பில்தான் இருந்தன. நெட்பீன்ஸ் அவற்றைத் தானே எழுதி, சாம்பல் நிறப் பின்னணியில் மடித்து, திருத்த முடியாதபடி காத்து வைத்திருந்தது. மடிப்பை விரித்தால் மேலே சொன்ன ஐந்து வரிகளும் ஒவ்வொரு பொத்தானுக்கும் தனித்தனியே வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றும் மாணவர் எழுதிய செயற்கூறை அழைப்பதைத் தவிர வேறொன்றும் செய்யாது.

மாணவருக்கு முதல் நாளிலேயே வெற்றி கிடைத்தது. பதினாறு வயதில் தான் வடிவமைத்த சாளரம் தன் கட்டளைக்குப் பதில் சொல்வதைப் பார்க்கும் மகிழ்ச்சி சாதாரணமானதல்ல. அதை ஐந்து வரிச் சடங்கின் பின்னால் ஒளித்து வைக்காததற்காக இந்தக் கருவியை மெச்சத்தான் வேண்டும். ஆனால் மறைக்கப்பட்ட வரிகள் இல்லாமல் போன வரிகள் அல்ல. தவறுதலாக ஒரு பொத்தானை இருமுறை கிளிக் செய்தவர், தேவையில்லாத அந்தக் காலிச் செயற்கூறை அழித்ததும் நிரல் தொகுக்க மறுக்கும். பிழை காட்டப்படும் இடமோ, கை வைக்க முடியாத சாம்பல் பகுதிக்குள். பொத்தானின் பண்புகள் பலகையில் நிகழ்வுகள் பகுதிக்குப் போய் அங்கே கையாளியை நீக்க வேண்டும் என்பது, லிசனர் என்றால் என்னவென்று தெரிந்தவருக்குத்தான் தோன்றும்.

இன்னொரு சிக்கல் மாறிகளின் எல்லையில் எழும். 'கணக்கிடு' பொத்தானின் செயற்கூறுக்குள் அறிவித்த மொத்தத் தொகை 'தள்ளுபடி' பொத்தானின் செயற்கூறுக்குத் தெரியாது. எளிதான தப்பு வழி, தொகையை உரைப்பெட்டியில் எழுதிவிட்டு அடுத்த பொத்தானில் அங்கிருந்தே மறுபடி படிப்பது. திரையே கிடங்காகிவிடுகிறது; பயனர் நடுவில் அந்தப் பெட்டியில் ஏதாவது தட்டிவிட்டால் கணக்குக் கெடும். படிவத்தின் வகுப்பில் ஒரு மாறியை அறிவித்தால் தீரும் விஷயம் இது. ஆனால் தன் படிவமும் ஒரு வகுப்பு, செயற்கூறுகள் அதன் உறுப்புகள் என்ற படம் மனத்தில் இருந்தால்தான் அந்தத் தீர்வு கைக்கு எட்டும்.

நெட்பீன்ஸில் லிசனர்களை உருவாக்கும் பாணியை மாற்றும் வசதியும் உண்டு. அநாமதேய வகுப்புகளுக்குப் பதிலாக ஒரே உள்வகுப்பு, அல்லது படிவ வகுப்பே லிசனராவது. தொகுத்தபின் ஒவ்வோர் அநாமதேய வகுப்பும் தனிக் கோப்பாகும் என்பதால், கோப்புகளின் எண்ணிக்கையைக் குறைக்க இவை உதவும். படிவ வகுப்பையே லிசனராக்கினால் உள்ளே உருவாவது "நிகழ்வை அனுப்பியது இந்தப் பொத்தானா, அந்தப் பொத்தானா" என்று கேட்கும் இஃப்-எல்ஸ் ஏணி. 1996க்கே திரும்பிய வடிவம். கோப்பு குறைந்தது, படிப்பவரின் சுமை கூடியது.

வரிகளை உண்மையிலேயே குறைத்தவை

ஸ்விங்கின் 'ஆக்‌ஷன்' இடைமுகம் அதிகம் பேசப்படாத ஒரு நல்ல தீர்வு. 'சேமி' என்ற கட்டளை மெனுவிலும் இருக்கும், கருவிப்பட்டையிலும் இருக்கும், விசைச் சேர்க்கையாகவும் இருக்கும். மூன்று இடத்திலும் மூன்று லிசனர் எழுதுவதற்குப் பதிலாக, பெயர், படம், செய்ய வேண்டிய வேலை எல்லாவற்றையும் ஒரே ஆக்‌ஷன் பொருளில் வைத்து மூன்றுக்கும் கொடுத்துவிடலாம். சேமிக்க எதுவும் இல்லாதபோது அந்த ஒரு பொருளை முடக்கினால் மெனுவும் கருவிப்பட்டையும் சேர்ந்து மங்கும்.

2002இல் வந்த ஜாவா 1.4 வேறொரு குறுக்குவழியைத் தந்தது: அழைக்க வேண்டிய செயற்கூறின் பெயரை ஒரு சரமாகக் கொடுத்தால், லிசனரை நூலகமே ஓட்டநேரத்தில் உருவாக்கித் தரும். ஒற்றை வரியில் முடியும். ஆனால் பெயர் சரமாக இருப்பதால் எழுத்துப்பிழையைத் தொகுப்பி கண்டுகொள்ளாது. பயனர் பொத்தானை அழுத்தும் நாளில்தான் தெரியும். நார்வேயில் பிறந்து 1995இல் வெளிவந்த க்யூட்டி நூலகத்தின் சிக்னல்-ஸ்லாட் முறையிலும் நெடுங்காலம் இதே குறை இருந்தது. 2012 டிசம்பரில் வந்த க்யூட்டி 5, செயற்கூறையே நேரடியாகச் சுட்டும் புதிய இணைப்பு முறையைக் கொண்டுவந்து, பொருந்தாத இணைப்பைத் தொகுக்கும்போதே நிறுத்தியது.

ஜாவாவில் முடிச்சு அவிழ்ந்தது 2014 மார்ச்சில், எட்டாம் பதிப்பின் லாம்டாவோடு. ஒரே செயற்கூறு கொண்ட இடைமுகம் எதிர்பார்க்கப்படும் இடத்தில், அம்புக்குறியின் இடப்புறம் நிகழ்வையும் வலப்புறம் செய்ய வேண்டியதையும் எழுதினால் போதும். ஐந்து வரி ஒரு வரியானது. வகைச் சோதனையும் கெடவில்லை. 1997இல் எழுதப்பட்ட ஆக்‌ஷன் லிசனர் இடைமுகத்தில் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. அது ஒற்றைச் செயற்கூறோடு பிறந்திருந்ததால் பதினேழு ஆண்டு கழித்து வந்த வசதி அதற்கு அப்படியே பொருந்தியது. ஐந்து செயற்கூறு கொண்ட மவுஸ் லிசனருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அங்கே இன்றும் அடாப்டர்தான்.

லாம்டாவுக்குள் 'திஸ்' என்ற சொல் சுற்றியுள்ள படிவத்தையே குறிக்கும். அநாமதேய வகுப்பில் அது அந்த வகுப்பைக் குறித்துக் குழப்பியது. வெளியிலிருந்து எடுக்கும் உள்ளூர் மாறிகள் மதிப்பு மாறாதவையாக இருக்க வேண்டும். லிசனரைப் பிற்பாடு நீக்க வேண்டியிருந்தால் லாம்டாவை ஒரு மாறியில் வைத்துக்கொள்வது அவசியம், ஏனென்றால் அதே வரியை மறுபடி எழுதினால் அது வேறொரு பொருள். நீக்கப்படாத லிசனர்கள், மூடிய சாளரங்களையும் நினைவகத்திலிருந்து போகவிடாமல் பிடித்து வைத்திருக்கக்கூடும்.

கையாளிக்குள் எவ்வளவு

இணைப்பு வரி சுருங்கியபின் மிஞ்சுவது கையாளியின் உடல். அதில் இருக்க வேண்டியவை மூன்று வேலைகள்: திரையிலிருந்து படித்தல், கணக்கைச் செய்யும் செயற்கூறை அழைத்தல், விடையைத் திரையில் காட்டுதல். கணக்குத் தனிச் செயற்கூறாக இருந்தால் படிவம் இல்லாமலேயே சோதிக்கலாம். நாளை இதே கணக்கு இணையப் பக்கத்தில் தேவைப்பட்டால் அப்படியே எடுத்துப் போகலாம். ஜாவா பிறந்த நாளிலிருந்தே பெயர்களில் எந்த மொழி எழுத்தையும் ஏற்கும் என்பதால், அந்தச் செயற்கூறுக்கு 'மொத்தம்காண்' என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம், தொகுப்பி மறுப்புச் சொல்லாது.

கையாளி மெலிந்திருக்க வேண்டியதற்கு இன்னொரு வலுவான காரணம், ஸ்விங்கில் எல்லா நிகழ்வுகளும் ஒரே இழையில் ஒன்றன்பின் ஒன்றாகக் கையாளப்படுவது. திரையை வரையும் வேலையும் அதே இழைக்குத்தான். ஒரு கையாளி பத்து விநாடி எடுத்துக்கொண்டால் பத்து விநாடியும் சாளரம் உறைந்து நிற்கும். அழுத்திய பொத்தான் அழுந்தியபடியே இருக்கும். பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தில் பொத்தானின் கையாளிக்குள்ளேயே மைஎஸ்கியூஎல் இணைப்பைத் திறந்து, வினவலை அனுப்பி, விடையைப் பெற்று மூடும் பயிற்சிகள் இருந்தன. தரவுத்தளமும் படிவமும் ஒரே கணினியில், அட்டவணையில் பத்துப் பதிவுகள், தாமதமே தெரியாது. அதே நிரலைத் தொலைவிலுள்ள சேவையகத்தோடு இணைத்தால்தான் பிரச்சினை வெளிப்படும். நீண்ட வேலையைப் பின்னணி இழைக்கு அனுப்பி, விடை வந்ததும் திரையைப் புதுப்பிக்கும் பொறுப்பை ஏற்கும் 'ஸ்விங் வொர்க்கர்' வகுப்பு 2006இன் ஜாவா 6இலேயே வந்துவிட்டது. பள்ளிப் பயிற்சிக்கு அது கனமான கருவி என்பது உண்மைதான். ஆனாலும் சாளரம் ஏன் உறைகிறது என்பதை ஒரு பாடவேளையில் செய்து காட்ட முடியும்: கையாளிக்குள் ஐந்து விநாடி தூங்கச் சொல்லும் ஒரு வரி போதும்.

பைத்தானுக்கு மாறிய பின்

2010களின் இறுதியில் சி.பி.எஸ்.இ. இரண்டு பாடங்களையும் பைத்தானுக்கு மாற்றியது. இன்ஃபர்மேட்டிக்ஸ் பிராக்டிசஸ் பாடம் பான்டாஸ் கொண்டு தரவைக் கையாளுதல், மேட்பிளாட்லிப் கொண்டு வரைபடம் வரைதல், மைஎஸ்கியூஎல் என்று தரவை மையமாக வைத்து அமைந்தது. படிவங்களும் பொத்தான்களும் வெளியேறின. கூடவே நிகழ்வுக் கையாளலும். தரவு சார்ந்த கல்விக்கு இருக்கும் தேவையைப் பார்த்தால் மாற்றத்தைக் குறைசொல்ல முடியாது. ஆயினும், மேலிருந்து கீழாக ஓடி முடியும் நிரலுக்கும், காத்திருந்து அழைக்கும்போது பதில் சொல்லும் நிரலுக்கும் உள்ள வேறுபாட்டைப் பள்ளியிலேயே உணரும் வாய்ப்பு குறைந்தது இழப்புதான். கைபேசிச் செயலி, இணையப் பக்கம் எல்லாம் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

அந்த வாய்ப்பை மீட்க ஆய்வகத்தில் பெரும்பாலும் புதிதாக எதையும் நிறுவத் தேவையில்லை. வழக்கமான பைத்தான் நிறுவலோடு டிகேஇன்டர் நூலகமும் வருகிறது. அதில் பொத்தானை உருவாக்கும்போதே 'கமாண்ட்' என்ற அளபுருவில் ஒரு செயற்கூறின் பெயரைக் கொடுத்தால் இணைப்பு முடிந்தது. லிசனர் வகுப்பு இல்லை, சாம்பல் பகுதி இல்லை. இணைக்கும் வரி கண்முன்னே இருக்கிறது. செயற்கூறின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறி போட்டுவிடக் கூடாது என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். போட்டால் பொத்தான் உருவாகும்போதே செயற்கூறு ஓடிவிடும். அது திருப்பிய மதிப்புதான் பொத்தானிடம் போய்ச் சேரும், செயற்கூறு போகாது. பிறகு எத்தனை முறை அழுத்தினாலும் அந்தச் செயற்கூறு மறுபடி ஓடாது.